வலைப்பின்னல் ஒவ்வாமை

எங்கள் அலுவலகத்தில் மொத்தம் நாற்பத்திரண்டு பேர் வேலை பார்க்கிறோம். நாற்பத்தோரு பேர் உட்கார்ந்து பார்க்கிறார்கள். நான் குனிந்து பார்க்கிறேன். பெருக்குவதும் துடைப்பதும் என் வேலை. பிறந்தவர்களுக்குப் பிறந்ததாகவும் இறந்தவர்களுக்கு இறந்ததாகவும் சான்றிதழ் கொடுப்பது மற்றவர்கள் வேலை. முதல் சான்றிதழுக்கு மனு கொடுத்தவர்கள் அது கைக்கு வருவதற்குள் இரண்டாவதற்கும் தகுதி பெற்றுவிடுகிறார்கள் என்று வெளியே பேசிக்கொள்வார்கள். அது மிகை. எல்லாரும் அப்படி இல்லை.

அந்த மாதத்தின் முதல் திங்கட்கிழமை எங்கள் அலுவலகத்தில் நெட் மெதுவானது. புதன்கிழமை வரைக்கும் யாருக்கும் தெரியவில்லை. மெதுவாக நடப்பது எங்களுக்கு நோய் இல்லை, சுபாவம். புதன்கிழமை மத்தியானம் பெரிய ஐயாவின் கணினியில் சீட்டாட்டம் பாதியில் நின்றுபோனது. அப்போதுதான் பொதுமக்கள் படும் பாடு அவர் நெஞ்சைத் தொட்டது.

எனக்கும் அந்த நெட்டில் ஒரு காரியம் இருந்தது. என் மகளுக்கு இரண்டு வயது. வீட்டில் இருக்கிற தட்டு, டம்ளர் எல்லாவற்றுக்கும் பெயர் வைத்திருக்கிறாள். அவளுக்கு மட்டும் பிறப்புச் சான்றிதழில் பெயர் ஏறவில்லை. பெயர் ஏறிய சான்றிதழை இருபதாம் தேதி வெள்ளிக்கிழமை நாலு மணிக்குள் கொடுத்தால், பின்கட்டிடத்தில் இருக்கும் குழந்தைகள் காப்பகத்தில் அவளுக்கு இடம். கொடுக்காவிட்டால் இடம் இல்லை. அவளுக்கு இடம் இல்லை என்றால் எனக்கு வேலை இல்லை. என் வீட்டுக்காரர் லாரியோடு போனால் பத்து நாள் கழித்துத்தான் வருவார். இதுவரை பாப்பாவைப் பார்த்துக்கொண்டது என் நாத்தனார்.

"அண்ணி, ஒண்ணாம் தேதியில இருந்து நான் தையல் கம்பெனிக்குப் போறேன். பாப்பாவை யார்கிட்ட விடுவீங்க?" என்றாள்.

"காப்பகத்துல. சான்றிதழ்ல பேரு ஏறட்டும்."

"உங்க ஆபீஸ்லதானே ஏறணும்? உள்ளேயே இருக்கீங்க. வாயைத் திறந்து கேட்டா என்ன, முத்தா உதிர்ந்துடும்?"

எனக்கு அது வராது. அதிகாரி யாராவது எதிரே வந்தால் துடைப்பத்தை நிமிர்த்தி முன்னால் பிடித்துக்கொள்வேன். நான் ஒல்லி. பாதி மறைந்துவிடுவேன்.

முறைப்படி புகார் கொடுப்பது என்று முடிவானது. நெட் பழுதைப் பற்றிய புகாரை நெட் வழியாக மட்டும்தான் கொடுக்க வேண்டும் என்பது விதி. மேலாளர் அம்மா படிவத்தை நிரப்பி அனுப்பினார். அது போகவில்லை. படிவம் போகவில்லை என்பதற்கு ஒரு படிவம் இருந்தது. அதையும் நிரப்பி அனுப்பினார். அதுவும் போகவில்லை. கடைசியில் ஒரு தாளில் எழுதி என்னிடம் கொடுத்து, இரண்டு தெரு தள்ளி இருக்கும் தொழில்நுட்பப் பிரிவுக்கு அனுப்பினார்கள். நான் ஏழு நிமிடத்தில் போய்ச் சேர்ந்தேன்.

"இதை ஏம்மா கையில தூக்கிட்டு வந்தே? நெட்ல அனுப்பச் சொல்லு" என்றார் அங்கே இருந்தவர்.

"நெட்டு இல்லைங்க."

"இல்லைன்னு எங்களுக்கு எப்படித் தெரியும்? நெட்ல புகார் வந்தாத்தானே தெரியும்?"

அவர் கேட்டதில் தப்பு இருந்த மாதிரி எனக்குத் தோன்றியது. ஆனால் அவர் மேசை மேல் மூன்று பேனா இருந்தது. என்னிடம் ஒன்றுகூட இல்லை. அங்கேயே நின்றேன். நான் நின்ற நிற்பு பொறுக்காமல் ஒரு வயர்காரரை அனுப்பினார்கள்.

வயர்காரர் காலை ஒன்பது மணிக்கு வந்தார். கையில் தீப்பெட்டி அளவுக்கு ஒரு கருவி. ஒவ்வொரு வயரின் இரண்டு முனையிலும் அதை மாட்டினார். எல்லா வயரிலும் விளக்கு வரிசையாக எரிந்தது. பதினோரு மணிக்குள் பார்த்து முடித்துப் பெரிய ஐயாவிடம் போனார்.

"ஐயா, எந்த வயரும் அறுந்து போகலை."

"அப்புறம் ஏன் வேலை செய்யலை?"

"அறுந்ததைப் பாக்கத்தான் எங்களுக்கு ஆர்டர். அறாத வயர் ஏன் வேலை செய்யலைன்னு பாக்கறதுக்கு வேற டெண்டர் விடணும்." அப்படியே பெரிய ஐயாவின் கணினியில் ஏதோ தட்டினார். மணி பதினொன்றரை ஆகியிருந்தது. "ஆனா கோளாறு இருக்குங்க. இங்கேயிருந்து ஒரு சேதி அனுப்பினா, அது போய்ச் சேர்ந்துட்டேன்னு பதில் வரணும். நூறு அனுப்பினேன். பன்னெண்டுக்குத்தான் பதில் வருது."

மேலாளர் அம்மா மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "நூத்துக்குப் பன்னெண்டு பதில் வருதா? இருபது வருஷமா நாம மேலிடத்துக்கு எழுதற கடிதத்துக்கு ஒண்ணுக்குக்கூட வந்ததில்லையே. நெட்டு நல்லாத்தானே இருக்கு!"

வயர்காரர் கும்பிடு போட்டுவிட்டுப் போனார்.

பக்கத்து அலுவலகம் ஒன்றில் சுவர் அகலத்துக்கு ஒரு கண்காணிப்புத் திரை மாட்டியிருப்பதைப் பெரிய ஐயா பார்த்துவிட்டு வந்தார். அந்த அலுவலகத்தில் நெட் சரியாக இருக்கிறதா என்று அவர் கேட்கவில்லை. திரை அழகாக இருந்ததாம். அதே மாதிரி எங்கள் கூடத்திலும் ஒன்று மாட்டினார்கள். ஒவ்வொரு அறைக்கும் ஒரு வட்டம். நெட் ஓடினால் பச்சை. திணறினால் மஞ்சள். நின்றால் சிவப்பு. முதல் நாள் எல்லாரும் அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். எல்லா வட்டமும் சிவப்பாக இருந்ததால் படம் நன்றாக வந்தது.

அதை யாராவது உட்கார்ந்து பார்த்துக் குறித்துவைக்க வேண்டுமே. நாற்பத்தோரு பேருக்கும் நெட் இல்லாததால் வேலை இல்லை. வேலை இல்லாதவர்கள் எவ்வளவு நெருக்கடியில் இருப்பார்கள் என்று உங்களுக்கே தெரியும். யாராலும் முடியாது என்றார்கள்.

"ஏம்மா, நிறம் தெரியுமா உனக்கு?" என்றார் பெரிய ஐயா.

"தெரியுங்க."

"மணி பாக்கத் தெரியுமா?"

"தெரியுங்க."

"எழுத?"

"அஞ்சாவது வரைக்கும்…"

"போதும். அதுக்கு மேல படிச்சா சந்தேகம் வரும்."

இப்படியாக நான் 'தற்காலிக வலைப்பின்னல் செயல்திறன் கண்காணிப்பு ஒருங்கிணைப்பாளர்' ஆனேன். கழுத்தில் நீல நாடாவில் ஓர் அட்டை தொங்கவிட்டார்கள். பெருக்கும்போது அது குப்பையில் படுவதால் முதுகுப்பக்கம் தள்ளிவிட்டுக்கொள்வேன். பின்னால் வருகிறவர்களுக்கு நான் ஒருங்கிணைப்பாளர். முன்னால் வருகிறவர்களுக்குப் பெருக்குகிறவள்.

பழுதைப் பற்றிப் பேச ஒரு காணொளிக் கூட்டம் நடந்தது. இப்போது எல்லா இடத்திலும் அதுதான் வழக்கமாம். பெரிய ஐயா அவர் அறையில், மற்றவர்கள் கூடத்தில், நடுவில் ஒரு கண்ணாடிக் கதவு. கூட்டம் தொடங்கி மூன்றாவது நிமிடம் திரையில் பெரிய ஐயா வாயைத் திறந்தபடி உறைந்துபோனார். யாரும் தலையைத் திருப்பிக் கண்ணாடிக் கதவைப் பார்க்கவில்லை. அது மரியாதை இல்லையே. அந்தப் பக்கம் அவர் எழுந்து கையை ஆட்டிக்கொண்டிருந்தார். பதினோரு நிமிடம் எல்லாரும் திறந்த வாயையே பணிவோடு பார்த்தார்கள். கூட்டக் குறிப்பில், 'தலைவர் நீண்ட சிந்தனைக்குப் பின் எதையும் கூறாமல் வழிகாட்டினார்' என்று எழுதிக்கொண்டார்கள்.

நான் என் நோட்டில் ஒழுங்காகக் குறித்துவந்தேன். வேறென்ன தெரியும் எனக்கு? பார்த்ததை எழுதினேன். காலை ஒன்பது, பச்சை. பத்து, பச்சை. பதினொன்று, பதிவறை அண்ணன் உள்ளே போனார், சிவப்பு. ஒன்று, அண்ணன் சாப்பிடப் போனார், பச்சை. இரண்டு, திரும்பி வந்தார், சிவப்பு. ஐந்து, வீட்டுக்குப் போனார், பச்சை. மூன்று நாளும் இதே கதை.

பதிவறை அண்ணனைப் பற்றிச் சொல்ல வேண்டும். பழைய பதிவேடெல்லாம் இருக்கும் அறையில் அவர் ஒருவர்தான். காலையில் கிளை அலுவலகத்துக்குப் போய் மனுக்களை வாங்கிக்கொண்டு பதினோரு மணிக்கு வருவார். பெயர் ஏற்றுவது, திருத்துவது, அச்சடிப்பது எல்லாம் அவர் கையால்தான் நடக்கும். நாற்பத்தோரு பேரில் வேலை தெரிந்தவர் அவர். அதனால் அவருக்குப் பதவி உயர்வு கொடுக்க முடியாமல் போனது. கொடுத்துவிட்டால் வேலையை யார் செய்வது?

என் நோட்டைப் பார்த்ததும் மேலாளர் அம்மா துள்ளி எழுந்தார். "ஐயா, கண்டுபிடிச்சாச்சு! பதிவறைக்காரர் வந்தா சிவப்பு, போனா பச்சை. கோளாறு வயர்ல இல்லை. அவர் உடம்புல!"

பெரிய ஐயா கண்ணை மூடி யோசித்தார். "உடம்புக்கு மருந்து ஒத்துக்காம போறது இல்லையா? அதே மாதிரி நெட்டுக்கு ஆள் ஒத்துக்கலை."

'பணியாளர்–வலைப்பின்னல் ஒவ்வாமை' என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். அண்ணனுக்கு முழுச் சம்பளத்தோடு காலவரையற்ற சிறப்பு விடுப்பு. ஆணையை அவர் கையில் கொடுத்தபோது அவர் முகம் சுருங்கிப்போனது.

"இருபத்தாறு வருஷமா ஒரு நாள் லீவு எடுத்ததில்லைம்மா நான்" என்று என்னிடம் வந்து சொன்னார். "நீயா எழுதினே இதை?"

"பாத்ததைத்தாங்க அண்ணே எழுதினேன்."

"சரிதான். பாத்ததை எழுதறதுதானே முறை." அவ்வளவுதான் சொன்னார். திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

அவர் போனதும் எல்லா வட்டமும் பச்சை. சீட்டாட்டம் பிய்த்துக்கொண்டு ஓடியது. ஆனால் பதிவறை பூட்டிக் கிடந்தது. என் பாப்பாவின் மனு உள்ளே தட்டில் கிடந்தது. ஆள் இருந்தபோது நெட் இல்லை. நெட் வந்தபோது ஆள் இல்லை. இருபதாம் தேதிக்கு நாலு நாள் இருந்தது.

அடுத்த நாள் இன்னொரு தொல்லை. சும்மா வீட்டில் உட்காரச் சம்பளமா என்று மற்றவர்களுக்குக் குடைய ஆரம்பித்தது. ஒவ்வொருவராகத் திரையின் முன்னால் வந்து நின்றார்கள்.

"நல்லா பாரும்மா, நான் நின்னா லேசா மஞ்சள் அடிக்குதில்ல?"

"பச்சையாத்தாங்க இருக்கு."

"இரு, இன்னும் கிட்ட வர்றேன். இப்ப?"

ஒருவர் தும்மிப் பார்த்தார். ஒருவர் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். மேலாளர் அம்மாவே வந்து, "எனக்குச் சின்ன வயசுல இருந்தே எதுவும் ஒத்துக்காது, எழுதிக்கோ" என்றார். புதன்கிழமைக்குள் முப்பத்தேழு பேருக்கு ஒவ்வாமை. இதை நேரில் ஆராய்ந்து அனைவருக்கும் விடுப்பு வழங்கலாமா என்று முடிவு செய்ய, தலைமையகத்திலிருந்து ஆய்வுக்குழு வெள்ளிக்கிழமை பன்னிரண்டு மணிக்கு வருவதாகத் தகவல் வந்தது. எண்பத்துநாலு பக்க அறிக்கை அவர்களுக்குப் போனது. நெட் வழியாக இல்லை. நான்தான் சுமந்துகொண்டு போனேன்.

வியாழக்கிழமை மத்தியானம் பதிவறையைத் திறந்து பெருக்கினேன். அண்ணன் திரும்பி வரும்போது அறையாவது சுத்தமாக இருக்கட்டும் என்று மனசு சொன்னது. உள்ளே ஒரே புழுக்கம். அவர் மேசை விசிறியின் சுவிட்சைப் போட்டேன். கூடத்திலிருந்து கத்தினார்கள்: "சிவப்பு! சிவப்பு!"

பதறிப்போய் நிறுத்தினேன். "பச்சை!" என்று குரல் வந்தது.

மறுபடி போட்டேன். "சிவப்பு!"

அண்ணன் எங்கேயோ அவர் வீட்டில் இருக்கிறார். அவர் உடம்பு எப்படி இங்கே வந்து நெட்டை நிறுத்தும்? மேசைக்கு அடியில் குனிந்தேன். குனிவது எனக்குப் பழக்கம்தானே. விசிறியின் மின்கம்பி சொருகியிருந்த பலகையிலேயே ஒரு குட்டிப் பெட்டியின் கம்பியும் சொருகியிருந்தது. ஐந்து ஓட்டை உள்ள பெட்டி. நெட் வயர் அதில்தான் வந்து பிரிகிறது. இரண்டுக்கும் ஒரே சுவிட்ச், விசிறியைப் போட்டால் பெட்டிக்கும் உயிர் வரும். அண்ணன் வந்ததும் போடுவதும் போகும்போது நிறுத்துவதும் அதைத்தான். அதன் விளக்கெல்லாம் பேய் பிடித்த மாதிரி மின்னின. அதில் ஒரு வயரின் ஒரு முனை ஓர் ஓட்டையில் இருந்தது. அந்த வயரைக் கையால் தடவிக்கொண்டே போனேன். மேசைக் காலைச் சுற்றிக்கொண்டு போய், அதன் மறுமுனை அதே பெட்டியில் இன்னொரு ஓட்டையில் இருந்தது.

எனக்கு ஞாபகம் வந்துவிட்டது.

மாதத்தின் முதல் திங்கட்கிழமை மட்டும் மேசைக்கு அடியிலும் பெருக்க வேண்டும். மற்ற நாளில் கண்ணுக்குத் தெரிகிற இடம் போதும். அந்தத் திங்கட்கிழமை இந்த வயர் தொங்கிக்கொண்டு என் துடைப்பத்தில் மாட்டியது. பக்கத்திலேயே ஓர் ஓட்டை காலியாக இருந்தது. தொங்கும் வயரும் காலி ஓட்டையும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் ஒரு குடும்பப் பெண் என்ன செய்வாள்? சொருகினேன். 'டிக்'கென்று ஒரு சத்தம். அன்றைக்கு முழுக்க மனசுக்கு நிறைவாக இருந்தது.

வயர்காரர் சொன்ன சேதி, பதில் எல்லாம் அப்போதுதான் எனக்குப் பிடிபட்டது. இந்த ஓட்டை வழியாகப் போன சேதி அந்த ஓட்டை வழியாக உள்ளே வருகிறது. பெட்டி அதைப் புதுசு என்று நினைத்து மறுபடி அனுப்புகிறது. மறுபடி வருகிறது, மறுபடி அனுப்புகிறது. ஒரே சேதி சுற்றிச் சுற்றிப் பெருகி வழியையே அடைத்துக்கொள்கிறது. எங்கள் அலுவலகத்தில் ஒரு மனு மேசை மேசையாகப் போய்ப் புறப்பட்ட மேசைக்கே வந்து நிற்பதைத் தினமும் பார்க்கிறவளுக்கு இது புரியாதா?

வயரைப் பிடுங்கினேன். விசிறியைப் போட்டேன். கூடத்தில் யாரும் கத்தவில்லை.

முதலில் அண்ணனுக்குப் போன் போட்டேன். "ஆணை இல்லாம வந்தா ஒழுங்கு நடவடிக்கைம்மா" என்றார். வேறு வழியில்லை. பெரிய ஐயாவின் அறைக்குப் போனேன். மேலாளர் அம்மாவும் அங்கே இருந்தார். துடைப்பத்தைப் பதிவறையிலேயே விட்டுவிட்டு வந்துவிட்டேன் என்பது உள்ளே போன பிறகுதான் தெரிந்தது.

"ஐயா… அந்தக் கோளாறு… நான்தாங்க."

"என்ன நீதான்?"

"வயரு தொங்கிச்சு. ஓட்டை காலியா இருந்துச்சு. சொருகிட்டேன். இப்ப பிடுங்கிட்டேன். அண்ணன் மேல தப்பே இல்லைங்க. அவரைக் கூப்பிட்டா எல்லா வேலையும் நடக்கும்."

பெரிய ஐயா வாயைத் திறந்தார். காணொளியில் உறைந்த மாதிரியே இருந்தது. பிறகு மெதுவாகக் கேட்டார்: "பிடுங்கிட்டியா? யாரைக் கேட்டு?"

"சொருகினப்பவும் யாரையும் கேக்கலைங்க."

"சொருகினது தப்பு. மனுஷன்னா தப்பு பண்ணுவான், அதுக்கு மன்னிப்பு இருக்கு. அனுமதி இல்லாம சரி பண்ணியிருக்கியே, அதுக்கு விதியில இடமே இல்லையேம்மா!"

"நாளைக்கு ஆய்வுக்குழு வருது" என்று மேலாளர் அம்மா தலையில் கை வைத்தார். "எண்பத்துநாலு பக்கம் எழுதியிருக்கோம். வந்து பழுது எங்கேன்னு கேட்டா, பெருக்குற பொண்ணு பிடுங்கிட்டான்னு சொல்றதா? முப்பத்தேழு பேரோட லீவு என்ன ஆகும்?"

பெரிய ஐயா எழுந்து நின்றார். "பழுதை இருந்தபடி வை."

எனக்கு எங்கிருந்து குரல் வந்ததோ தெரியாது. "ஐயா, நாளைக்கு நாலு மணிக்குள்ள என் பொண்ணு சான்றிதழ் வேணுங்க. அண்ணன் வந்து அதை அச்சடிக்கட்டும். அது என் கைக்கு வந்ததும் சொருகிடறேன். எந்த வயரு, எந்த ஓட்டைன்னு எனக்கு மட்டும்தாங்க தெரியும்."

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"பரவாயில்லையே" என்றார் மேலாளர் அம்மா. "ஆபீஸ் பாஷை வந்துடுச்சே!"

அண்ணனுக்குச் சிறப்பு விடுப்பிலிருந்து ஒரு மணி நேர விடுப்பு வழங்கி ஆணை தயாரானது.

வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு அவர் வந்தார். உள்ளே வரவே பயந்தார். திரையை எட்டிப் பார்த்தார், பச்சை. நாற்காலியில் மெல்ல உட்கார்ந்தார், பச்சை. அவர் முகத்தில் வந்த சிரிப்பை நான் பார்க்காமல் இருந்திருக்கலாம். முதலில் என் மகளின் மனுவை எடுத்தார். இரண்டே நிமிடம். அவள் பெயர் அச்சாகிச் சூடாக என் கைக்கு வந்தது.

"இன்னும் முக்கால் மணி நேரத்துக்கு மேல இருக்கும்மா. வெளியில நிக்கறவங்களுக்கும் போட்டுடறேன்" என்றார்.

ஜன்னலுக்கு வெளியே வரிசை கட்டிடத்தையே சுற்றி நின்றது. ஒவ்வொருவராக வந்தார்கள். அவர் விரல் பறந்தது. பத்து. பதினைந்து. இருபத்திரண்டு. நான் சான்றிதழை நாலாக மடித்து இடுப்பில் சொருகிக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பன்னிரண்டுக்கு ஐந்து நிமிடம். ஆய்வுக்குழுவின் வண்டி வாசலில் வந்து நின்றது. குழு கூடத்துக்குள் நுழைந்ததும் பெரிய ஐயா பதிவறைக் கதவருகே வந்து என்னைப் பார்த்துத் தலையை அசைத்தார். இருபத்துமூன்றாவதாக, இடுப்பில் குழந்தையோடு ஒரு பெண் ஜன்னலில் நின்றாள். அண்ணன் அவள் மகனின் பெயரில் முதல் இரண்டு எழுத்தைத் தட்டியிருந்தார். நான் துடைப்பதுபோலக் குனிந்தேன். சொருகினேன்.

அண்ணனின் திரை நின்றது. கூடத்தில் எல்லாம் சிவப்பு. ஆய்வுக்குழுவினர் "அடடா!" என்றார்கள்.

அண்ணன் இரண்டு கையையும் விரித்துப் பார்த்தார். "பாத்தியாம்மா? நான் நம்பலை. அறிக்கை பொய் சொல்லுமா? என் உடம்புதான்." விசிறியை நிறுத்தினார். கண்ணாடியைத் துடைத்துப் பையில் போட்டுக்கொண்டு எழுந்து போனார். கூடம் பச்சையானது. ஆய்வுக்குழு கைதட்டியது. அவர் தலையைக் குனிந்துகொண்டு அந்தக் கைதட்டலுக்கு நடுவே நடந்து போனார். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்தால் இடுப்பில் இருக்கும் தாளைத் திரும்பக் கேட்பார்களோ என்று இருந்தது.

ஜன்னலில் அந்தப் பெண் இன்னும் நின்றாள். என் வயசுதான் இருக்கும். அறையில் நான் மட்டும்தான் இருந்தேன்.

"மேடம், என் பையனுக்கும் இன்னைக்குத்தான் கடைசி நாள். ரெண்டு எழுத்து வந்துடுச்சுன்னு அந்த ஐயா சொன்னாரே?"

"நெட்டு இல்லைம்மா. திங்கட்கிழமை வாங்க."

திக்காமல், திணறாமல், அவ்வளவு தெளிவாக நான் பேசியதே இல்லை.

"திங்கட்கிழமை கண்டிப்பா கிடைச்சிடுங்களா மேடம்?"

என்னை யாரும் அதுவரை மேடம் என்று கூப்பிட்டதில்லை. சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, நன்றாக இருந்தது.

"வந்து பாருங்க" என்றேன்.